இரண்டு பேருக்கு நான்கு கதவு

செப்டம்பர் 16, திங்கள்

இந்த டைரியின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கம்பெனியின் பெயரும், "மனிதர்களே எங்கள் மூலதனம்" என்ற வாசகமும் அச்சாகியிருக்கின்றன. ஜனவரியில் கொடுத்தார்கள். எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுத நேரமில்லை. இப்போது நேரம் இருக்கிறது.

விஷயம் இதுதான். கோதைக்கு அலமாரி வேண்டுமாம். நேற்று மேல் வீட்டு எஸ்தர் அக்கா, புதிதாகச் செய்த அலமாரியைப் பார்க்கக் கூப்பிட்டார். கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரிகிறது. மூடினால் அணைகிறதா என்று பார்க்க நான் தலையை உள்ளே விட்டேன். கோதை என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள். எஸ்தர் அக்காவின் கணவர் துறைமுகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மனிதரிடம் மொத்தம் ஆறு சட்டை. அவை ஆறும் சினிமா நடிகர்கள் போல வெளிச்சத்தில் தொங்குகின்றன.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தாள்.

"நமக்கும் ஒண்ணு பண்ணிக்கலாங்க. நாலு கதவு, மேல லாஃப்ட். குடிவந்து அஞ்சு வருஷமாச்சு, இன்னும் பாதித் துணி சூட்கேஸ்லயே கெடக்கு."

"பீரோ இருக்கே?"

"அது கத்துற சத்தம் எஸ்தர் அக்கா வீடு வரைக்கும் கேக்குதாம்."

"சரி, எவ்வளவு ஆகுமாம்?"

"அவங்களுக்கு ஒண்ணே முக்கால் ஆச்சாம்."

"லட்சமா?"

"பின்ன, ரூபாயா?"

இரண்டு பேருக்கு நான்கு கதவு. ஆளுக்கு இரண்டு கதவு திறந்து மூட எங்களுக்கு எத்தனை கை இருக்கிறது? இதை நான் கேட்கவில்லை. நானே விலை விசாரிக்கிறேன், நீ அவசரப்படாதே என்று சொல்லிவிட்டேன். கடைசியாக நான் விலை விசாரித்த பொருள் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி. நான் முடிவுக்கு வருவதற்குள் கம்பெனிக்காரன் அந்த மாடலையே நிறுத்திவிட்டான். அந்தத் திறமையை நம்பித்தான் இந்தப் பொறுப்பை ஏற்றேன்.

ஏன் தள்ளிப்போட வேண்டும் என்றால், கம்பெனிக்கும் எனக்கும் ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஒரு கருத்து வேறுபாடு. நான் தினமும் வரவேண்டும் என்பது என் கருத்து. வேண்டாம் என்பது அவர்கள் கருத்து. சீக்கிரமே வேறிடத்தில் சரியாகிவிடும் விஷயம். அதற்குள் கோதையிடம் சொல்லி அவளை ஏன் கலவரப்படுத்த வேண்டும்?

செப்டம்பர் 18, புதன்

எட்டரைக்குக் கிளம்பினேன். ஆறரைக்குத் திரும்பினேன். நல்ல மழை.

செப்டம்பர் 25, புதன்

வேளச்சேரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமர நிழல் இருக்கிறது. காரில் உட்கார்ந்து இதை எழுதுவது அங்கேதான். பக்கத்துக் காரிலும் ஒருவர் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். நேற்றும் இருந்தார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. நான் எழுதுகிறேன், அவர் போனில் முக்கியமாக எதையோ தேய்க்கிறார். பத்து மணிக்கு ஷோரூம்கள் திறக்கும். அதுவரை இருவருக்கும் வேலை அதிகம்.

அலமாரி ஷோரூம்களைப் பற்றி நான் இதுவரை கண்டறிந்தவை. முதல் கடையில் ஏசி நன்றாக இருக்கும், ஆனால் காபி சுடுதண்ணீர். இரண்டாவது கடையில் காபியே கிடையாது, "சார் பட்ஜெட் என்ன?" என்றுதான் வாசலிலேயே கேட்கிறார்கள். மூன்றாவது, மரகதம் மாடுலர். செல்வி என்ற அம்மாள் ஃபில்டர் காபி போடுகிறார். முதலாளி லோகநாதன் எழுந்து நின்று வரவேற்கிறார். நல்ல சோபா. பிளைவுட்டுக்கும், மரத்தூளை அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப்-புக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் முக்கால் மணி நேரம் பேசுகிறார். தினம் ஒரு கேள்வி வீதம் போனால் தீபாவளி தாண்டும்.

மதியச் சாப்பாட்டைக் காரில் முடித்தேன். இருபத்திரண்டு வருடம் கேன்டீனில் சாப்பிட்டவன் திடீரென்று டிபன் பாக்ஸ் கேட்டதற்கு, கொலஸ்ட்ரால் என்று காரணம் சொல்லியிருக்கிறேன். கோதை மறுபேச்சில்லாமல் கட்டிக் கொடுக்கிறாள்.

அக்டோபர் 1, செவ்வாய்

வீட்டுக் கணக்குக்கு வழக்கம்போலச் சம்பளத்தைப் போட்டேன். கம்பெனி கொடுத்தனுப்பியதில் இன்னும் கொஞ்ச மாதத்துக்கு இருக்கிறது. எங்கிருந்து வருகிறது என்று கேட்காத வங்கிதான் நல்ல வங்கி.

அக்டோபர் 3, வியாழன்

லோகநாதன் கம்ப்யூட்டரில் எங்கள் படுக்கையறையை வரைந்து காட்டினார். நான்கு கதவு, பளபளவென்று அக்ரிலிக், மெதுவாகத் தானே மூடிக்கொள்ளும் கீல், மேலே லாஃப்ட். பக்கத்தில் ஒரு பூச்சாடியும் ஒரு நாயும். நாய் எதற்கு என்று கேட்டேன். "அது படத்துல வரும் சார், தனியா காசு கிடையாது" என்றார்.

படத்தை வீட்டில் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. கோதை ராத்திரிச் சாப்பாடு வரை போனைக் கையைவிட்டு இறக்கவில்லை. புடவைகளை எங்கே மடிப்பது, எங்கே தொங்கவிடுவது என்று விரலால் நாயின் மேலெல்லாம் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கார்த்திகை பொறக்கறதுக்குள்ள அட்வான்ஸ் குடுத்துடலாமா?" என்றாள்.

எளிமை என்ற தலைப்பில் நான் கொஞ்ச நேரம் பேசினேன். இருக்கிற துணியைக் குறைத்தால் அலமாரியே தேவையில்லை, பணத்தைக் கொண்டுபோய் சுவரில் ஒட்டுவது புத்திசாலித்தனமா, கரையான் வந்தால் பிளைவுட் என்ன ஆகும், அந்த ஸ்டீல் பீரோவை எந்தக் கரையானாவது தொட்டிருக்கிறதா? நன்றாகப் பேசினேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் முகம் வாடிவிட்டது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. கோதை என் ஆபீஸ் லேப்டாப்பைக் கொண்டுவந்து வைக்கச் சொன்னாள். எல்லா வருடமும் அதற்குத்தான் பெரிய பொட்டு. சர்வீஸுக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். பூஜையில் அந்த இடம் காலியாக இருப்பது எனக்கே நன்றாகப் படவில்லை. பேன்ட் பையில் இருந்த அளவு நாடாவை எடுத்து வைத்தேன், அலமாரிக்காகச் சுவரை அளக்க வாங்கியது. கோதை அதை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அதற்கும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, ஒரு பூவும் வைத்தாள்.

அக்டோபர் 17, வியாழன்

இன்று எனக்கு ஓர் அவமானம் நடந்தது. பதிவு செய்துவைக்கிறேன்.

மரகதத்தில் வழக்கமான சோபாவில் உட்கார்ந்திருந்தேன். வயதான தம்பதி ஒன்று உள்ளே வந்தது. லோகநாதன் போனில் இருந்தார். சும்மா இருப்பானேன் என்று நான்தான் பேசினேன். அடியில் டிராயர் வேண்டாம், தினமும் குனிய வேண்டியிருக்கும், இடுப்பு உயரத்தில் வையுங்கள்; அக்ரிலிக் வேண்டாம், கைரேகை பட்டுத் துடைத்தே ஓய்ந்துபோவீர்கள்; பளபளப்பில்லாத மேட் லேமினேட் போதும் என்றேன். ஒரு மாதமாக இங்கே காபி குடித்ததில் ஒட்டிக்கொண்ட அறிவு. அவர்கள் அப்போதே முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

லோகநாதன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் பெயர் சொல்லி அழைத்தார்.

"வாசகம் சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அலமாரி வாங்கப் போறதில்லன்னு எனக்கு ரெண்டாவது வாரமே தெரியும்."

"விசாரிக்கிறேன்னு சொன்னேனே?"

"நல்லா விசாரிங்க சார். சம்பளம் வாங்கிட்டே விசாரிங்க. சனி ஞாயிறும் வரணும், அப்பதான் கூட்டம். செவ்வாய் லீவு."

என்னைப் பார்த்து! நான் ஒரு பன்னாட்டு நிறுவனத்தில் டெலிவரி ஹெட். எதை டெலிவரி செய்தேன் என்று கோதைக்கு இதுவரை புரிந்ததில்லை. எனக்கும் முழுதாகப் புரிந்ததில்லை, ஆனால் பதவி பெரியது. கோபமாக எழுந்து வந்துவிட்டேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டேன் என்பது காருக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அக்டோபர் 21, திங்கள்

சேர்ந்தேன். ஆராய்ச்சிக்காக. விலை உள்ளிருந்து பார்த்தால்தான் தெரியும்.

மெரூன் நிற டி-ஷர்ட். நெஞ்சில் "உங்கள் இடம், உங்கள் விருப்பம்." காரின் டிக்கியில் வைத்து, வேப்பமரத்தடியில் மாற்றிக்கொள்கிறேன். பக்கத்துக் கார்க்காரர் இன்று முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார். பொறாமை என்றுதான் நினைக்கிறேன்.

சனி, ஞாயிறுக்கு ஆபீஸில் நெருக்கடி என்று கோதையிடம் சொல்லியாகிவிட்டது. "பாவம், இந்த வயசுல" என்றாள்.

அக்டோபர் 29, செவ்வாய்

ஷோரூம் விடுமுறை. இருந்தாலும் எட்டரைக்குக் கிளம்பினேன். வார விடுமுறையைக் காரில் கழித்தேன்.

நாளை மறுநாள் தீபாவளி. ஒவ்வொரு வருடமும் கம்பெனி இனிப்பு டப்பாவோடு வீட்டுக்குள் நுழைவேன். இந்த வருடம் கம்பெனி இனிப்பை நானே போய் வாங்க வேண்டியிருந்தது. கடையில் சோன்பப்டி டப்பாக்கள் மலைபோல் அடுக்கியிருந்தார்கள். வாங்கும் முன் கொஞ்சம் யோசித்தேன். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கம்பெனி எனக்குச் சோன்பப்டிதான் கொடுத்தது. கடைசியாக ஒருமுறையாவது மரியாதையாகக் கொடுக்கட்டும் என்று ஒரு கிலோ முந்திரி கத்லி வாங்கினேன், வெள்ளித்தாள் ஒட்டியது, தங்க நிற டப்பா.

கோதை டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உங்க கம்பெனியா குடுத்துது?"

"ஆமா. இந்த வருஷம் லாபமாம்."

"ஓ" என்றாள். உள்ளே எடுத்துப் போனாள். சமையலறையில் வெகுநேரம் பாத்திரச் சத்தமே இல்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எஸ்தர் அக்கா வந்தார். கோதை முந்திரி கத்லியைத் தட்டில் வைத்து நீட்டினாள். "அவர் கம்பெனியில குடுத்ததுக்கா. அவரை அங்க எல்லாரும் தலையில தூக்கி வெச்சுக்கறாங்க" என்று, நான் பால்கனியில் இருந்தாலும் காதில் விழும்படி, உரக்கச் சொன்னாள். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஒரு துண்டு எடுத்தேன், பால்கனிக்கு வந்த காக்கைக்கு வைத்துவிட்டேன்.

நவம்பர் 4, திங்கள்

என் பேச்சு வேலை செய்கிறது! கோதை தானாகவே சொன்னாள்: "நாலு கதவு எதுக்குங்க, மூணு போதும். லாஃப்ட் வேணாம்." அக்டோபர் மூன்றாம் தேதி சொன்ன எளிமை நவம்பரில் போய்ச் சேர்ந்திருக்கிறது. பரவாயில்லை, வந்ததே பெரிது.

சாயங்காலம் வீடு முழுக்கப் பிள்ளைகள். கணக்கு டியூஷனுக்குப் புதிதாக ஒரு கூட்டத்தைச் சேர்த்திருக்கிறாள். ஒன்பதாம் வகுப்பு, பீரங்கித் தொண்டை. எதற்கு இந்த வேண்டாத வேலை என்றேன். "சும்மாதானே இருக்கேன்" என்றாள். ஏற்கெனவே இரண்டு கூட்டம் எடுப்பவள் எப்படிச் சும்மா இருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

இப்போது இரண்டு கதவு போதுமாம்.

இன்னொரு வேடிக்கை. டிபன் பாக்ஸைத் திறந்தால், மேல் தட்டில் மூன்று லேமினேட் சாம்பிள் துண்டுகள். சுத்தமாகத் துடைத்து, வரிசையாக வைத்திருந்தாள். துவைக்கப் போட்ட என் சட்டைப் பையில் கிடந்தவையாக இருக்கும். ஒவ்வொன்றின் பின்னாலும் கடையின் பெயரும் முகவரியும் ஒட்டியிருக்கிறது. நிறம் தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கிறாள் போல. எது பிடித்திருக்கிறது என்று சொல்ல மறந்துவிட்டாள். மூன்றையும் கடையில் திருப்பி மாட்டினேன்.

கூடவே தயிர்சாதம் இரண்டு பேருக்குப் போதுமான அளவு. செல்வி அம்மாளுக்கும் கொடுத்தேன். ஊறுகாய் நன்றாக இருந்ததாகச் சொன்னார்.

நவம்பர் 12, செவ்வாய்

என் நிலைமை கொஞ்சம் சிக்கலாகிவிட்டது. லோகநாதன் இந்த மாதம் எனக்கு இலக்கு வைத்திருக்கிறார். ஆறு அலமாரி. ஐந்து ஆகிவிட்டது. ஆறாவது ஏன் எங்கள் வீட்டு அலமாரியாக இருக்கக் கூடாது? ஊழியர் தள்ளுபடி உண்டு, தவணை உண்டு. அவள் கேட்ட நான்கு கதவையே போட்டுக் கொடுத்துவிட்டால் நான் எதையும் விளக்க வேண்டியதும் இருக்காது. ஒண்ணே முக்கால் லட்சத்துக்கு அலமாரி செய்கிற வீட்டில் வேலை போனவன் இருப்பான் என்று யார் நினைப்பார்கள்?

காலையில் ஆரம்பித்தேன்.

"யோசிச்சுப் பாத்தேன் கோதை. நாலு கதவே போட்டுடலாம். லாஃப்ட்டும் சேத்து. உள்ள விளக்கும்."

"ரெண்டு பேருக்கு எதுக்குங்க நாலு கதவு?"

"துணி சூட்கேஸ்ல கெடக்குன்னு சொன்னியே!"

"துணியைக் குறைச்சுட்டேன். பாதியைக் குடுத்துட்டேன்."

"நல்ல கீல் வருது இப்ப, சத்தமே இருக்காது..."

"பணத்தைக் கொண்டுபோய்ச் சுவத்துல ஒட்டணுமா? கரையான் வந்தா?"

"பி.டபிள்யூ.பி. கிரேடு பிளை. கரையான் கிட்ட வராது, எழுதியே குடுக்கறோம்" என்றேன்.

"யாரு குடுக்கறோம்?" என்றாள்.

ஷோரூம்காரர்கள் என்று திருத்தினேன். அவள் தலையாட்டிவிட்டு மிக்ஸியைப் போட்டாள். நான் காருக்குப் போனேன். இன்று கடை விடுமுறை.

நவம்பர் 16, சனி

எழுதிவிடுகிறேன்.

பதினொரு மணிக்குக் கடையில் நல்ல கூட்டம். ஆட்டோ ஒன்று வந்து நின்றது. கோதை இறங்கினாள். எஸ்தர் அக்கா வீட்டு விசேஷத்துக்குக் கட்டிய பச்சைப் புடவை, கையில் பெரிய பை. ஒளிய இடமில்லாமல் இல்லை. என் பின்னால் எட்டடி அலமாரியின் கதவு திறந்தே இருந்தது. திறந்திருந்ததால் உள்ளே விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

"வாங்க மேடம், வாங்க" என்றார் லோகநாதன். அவருக்கு அவள் யாரென்று தெரியாது. "வாசகம் சார், மேடத்தைக் கவனிங்க."

கோதை என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். டி-ஷர்ட்டில் இருந்ததை நிதானமாகப் படித்தாள்.

"வணக்கம் சார்."

"வணக்கம்... மேடம்."

"நீங்க இங்க ரொம்ப நாளா இருக்கீங்களா?"

"போன மாசம் சேந்தேன்."

"அதுக்கு முன்னாடி?"

லோகநாதன் புகுந்தார். "பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி மேடம்! அவங்க விடவே மாட்டேன்னாங்க, நான்தான் இழுத்துட்டு வந்தேன்."

கோதை அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் பொய்யை எடுத்தாலும் அவள் அதை வாங்கிக்கொண்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவாள் என்று எனக்குத் தோன்றியது. மூன்று மாதமாக அதைத்தானே செய்திருக்கிறாள்.

"இல்ல மேடம்" என்றேன். "ஆகஸ்ட்டுலயே வேலையை விட்டு அனுப்பிட்டாங்க."

இந்த வாக்கியத்தை நான் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. இந்த டைரியில்கூட எழுதவில்லை.

"வீட்ல சொன்னீங்களா சார்?"

"சொல்லல."

"ஏன்?"

"வெக்கமா இருந்துச்சு. பயமாவும் இருந்துச்சு."

லோகநாதன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். காபி கொண்டுவரச் சொல்லிவிட்டு, அவரே எடுத்துவரப் போனார். கோதையின் கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல், டியூஷனில் கணக்குக் கொடுக்கிற அதே குரல்.

"சரி சார், எங்க வீட்டு விஷயத்துக்கு வருவோம். பத்துக்குப் பன்னெண்டு ரூம். ஒரு ஸ்டீல் பீரோ இருக்கு, நல்லாத்தான் இருக்கு, கத்தும். எங்க வீட்டுக்காரர் நாலு கதவுதான் போடணும்னு ஒத்தக் கால்ல நிக்கறார். நீங்க தினம் பாக்கறவர். எங்க வீட்டுக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்? நீங்களே சொல்லுங்க."

லோகநாதன் காபியோடு என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். இந்த மாதத்து ஆறாவது அலமாரி எனக்கு முன்னால், பச்சைப் புடவையில் உட்கார்ந்திருந்தது. பண்டிகைச் சலுகை, தவணை, இலவசக் கண்ணாடி எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன.

"இப்போதைக்கு ஒண்ணும் வேணாம் மேடம்" என்றேன். "பீரோவுக்குக் கீல்ல எண்ணெய் விடுங்க. வெளிய ஒரு கோட்டு பெயிண்ட் அடிங்க. ரெண்டு வருஷம் போகட்டும், அப்புறம் பாக்கலாம்."

பின்னால் தம்ளர் தட்டில் மோதுகிற சத்தம் கேட்டது.

கோதை பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "இதை வீட்லயே சொல்லியிருந்தா ஆட்டோ காசு மிச்சமாயிருக்கும்" என்றாள். பையிலிருந்து என் டிபன் பாக்ஸை எடுத்து மேஜையில் வைத்தாள். காலையில் அவசரத்தில் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். "சாப்டுட்டு வாங்க. அண்ணனுக்கும் குடுங்க" என்று லோகநாதனைக் காட்டிவிட்டு வெளியே போனாள்.

லோகநாதன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், உங்க வீட்லயா?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் அந்தக் காபியை என் முன்னாலேயே வைத்துவிட்டுப் போனார்.

நவம்பர் 19, செவ்வாய்

விடுமுறை. வீட்டில் இருந்தேன்.

ஒரு டப்பா சாம்பல் நிறப் பெயிண்ட், ஒரு பிரஷ், உப்புத்தாள், கொஞ்சம் தேங்காய் எண்ணெய். இதுதான் கடைசியில் எங்கள் படுக்கையறைக்கு ஆன செலவு. பழைய பேப்பரை விரித்து இருவரும் பீரோவைச் சுரண்டினோம். கோதை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மேல் வீட்டிலிருந்து இறங்கி வந்த எஸ்தர் அக்கா எட்டிப் பார்த்து, "என்ன, புது அலமாரி போடலையா?" என்றார். "இவர் கடையில இப்ப வேணாம்னு சொல்லிட்டாங்கக்கா" என்றாள் கோதை. கடை என்ற வார்த்தை எந்தத் தடங்கலும் இல்லாமல் அவள் வாயிலிருந்து வந்தது. எஸ்தர் அக்கா எந்தக் கடை என்று கேட்க, முகவரியும் சொன்னாள்.

எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"லேப்டாப் இல்லாதப்பவே சந்தேகம். முந்திரி கத்லி வந்தப்ப உறுதி." உப்புத்தாளை உதறினாள். "சோன்பப்டி வாங்கிட்டு வந்திருந்தீங்கன்னா நான் நம்பியிருப்பேன்."

சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. பிறகு அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, பீரோவைப் பார்த்தபடியே கோபமாகக் கேட்டாள்: "மூணு மாசம் கார்ல உக்காந்து சாப்பிட்டீங்களே, நான் அவ்வளவு பொல்லாதவளா?" பிரஷ்ஷை அவள் கையிலிருந்து வாங்கி, அவள் பக்கத்துக் கதவுக்கும் நானே பெயிண்ட் அடித்தேன்.

சாயங்காலம் கீலுக்கு எண்ணெய் விட்டோம். பீரோ இன்னும் கத்துகிறது. முன்பைவிடக் கொஞ்சம் மரியாதையாக.

காபி கொடுக்கும்போது கோதை கேட்டாள்: "உங்க கடை பத்து மணிக்குத்தானே தெறக்கறாங்க?"

ஆமாம் என்றேன்.

நாளை ஒன்பதரைக்குக் கிளம்பினால் போதும்.